நிழல்தட்டுகள்

கடற்கரை வீதித் தொடர்மாடி,
மன்னார்.
20.05.2025

தம்பி ஷிராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புருசனை இழந்து நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இத்தா இருக்கிற மதினியோடு போனில் கதைப்பது சரியில்லை, ஏதும் தேவையென்றால் எழுதித் தரட்டும் என்று கீழ் வீட்டு மேரிசெல்வியிடம் சொல்லிவிட்டீர்களாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைக் கொண்டுவருவதும் மேரிசெல்விதான். "நான் என்ன தபால்காரியோ அக்கா? அந்தாள் கீழ வேலைக் கொட்டிலுக்குள்ளதானே இருக்கிறார். யன்னலால கூப்பிட்டால் காது கேக்காதோ?" என்று கேட்டாள். கேட்கும். ஆனால் கேட்கவில்லை என்று பிறகு நீங்கள் சொல்லலாம். எழுதினால் சொல்ல முடியாது.

முந்தாநாள் வேலைக்காரர் ஏறி நிற்கிற சாரம் என் யன்னலுக்கு வந்துவிட்டது. மேலே ஏறுகிற ஏணியையும் என் அறைக்கு நேர் முன்னால் கட்டியிருக்கிறார்கள். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாரும் என் முகத்துக்கு முன்னால்தான் போகவேண்டும். கட்டில் சீலையை இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே இருக்கிறேன். சோளகம் அடிக்கிற காலத்தில் காற்றை மறித்துக்கொண்டு அவிந்துபோய் இருக்கிறேன். இந்த வீடுகளைக் குளிராக்குகிற திட்டம் என்று வாசலில் பெரிய போர்ட் வைத்திருக்கிறீர்கள். நல்லது.

அதைப் பற்றி எழுத வரவில்லை. நேற்று சாரத்தில் நின்று ஒரு வேலைக்காரப் பிள்ளை சொன்னது சீலைக்குள்ளால் கேட்டது. "உடைஞ்ச இடத்தையும் சேத்துப் போர்ட் அடிச்சு மூடிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது" என்றான்.

எந்த உடைந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். நோன்புப் பெருநாள் கழிந்த கிழமையில் உங்கள் நானா, என் புருசன், அதற்குக் கீழேதான் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். மேல் மாடி யன்னலுக்கு வெயில் படாமல் கட்டின கொங்கிரீட் நிழல்தட்டு அப்படியே பிய்ந்து அவர் தலையில் விழுந்தது. நான் அடுப்படியில் நின்றேன். யாரோ சீமெந்து மூட்டையை இறக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சுவரில் எல்லா யன்னலுக்கும் அதே தட்டுத்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே காலத்தில் கட்டினது, ஒரே உப்புக்காற்றைக் குடித்தது. முதலில் அதுகளை அடித்து விழுத்துங்கள். பிறகு என்ன பலகை வேண்டுமானாலும் ஒட்டுங்கள்.

உங்கள் மதினி
ஸுஹறா

•

வேலைத்தலம்
22.05.2025

மரியாதைக்குரிய மதினிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. வாசித்துக் கவலைப்பட்டேன். நானாவை நினைக்காத நாள் எனக்கும் இல்லை.

ஆனால் நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நான் இங்கே மேற்பார்வைக்கு நிற்கிறவன் மட்டும்தான். இது வெப்பத்தைக் குறைக்கும் திட்டம். மேற்குச் சுவருக்கு ரெஜிபோம் என்கிற லேசான வெள்ளைப் பலகை ஒட்டி, அதற்கு மேல் வலையும் பூச்சும் வைத்து, கூரைக்கு வெள்ளை அடிப்போம். நிழல்தட்டுகளையும் பலகையால் சுற்றி மூட வேண்டும். பிறகு மின்விசிறி குறைவாக ஓடும், கரண்ட் மிச்சம். கொங்கிரீட் திருத்துவது வேறு அரச கந்தோரின் வேலை. எங்கள் திட்டத்தில் அதற்கு ஒதுக்கீடு இல்லை. இதை இஞ்சினியரே சொன்னார்.

சாரத்தில் ஏறும் பிள்ளைகளால் உங்களுக்குச் சங்கடம் என்று எழுதியிருந்தீர்கள். அது நியாயம். எங்கள் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் புத்தளத்தில் இருந்து நான் கூட்டிவந்தவர்கள், நல்ல பிள்ளைகள். ஆனாலும் உங்கள் இத்தாவுக்கு மரியாதையாக நாளைக் காலை உங்கள் யன்னலை வெளியிலிருந்து பிளைவூட்டால் மூடச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் கண்ணும் உங்கள் மேல் படாது.

துஆச் செய்யுங்கள்.
ஷிராஸ்

•

23.05.2025

தம்பி ஷிராஸுக்கு,

ஸலாம். சுபஹு தொழுதுவிட்டு சற்று சரிந்திருந்தேன். டக் டக் என்று சத்தம். எழும்பிப் பார்த்தால் யன்னல் இல்லை. வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. மகள் நுஸ்ரியா பாமசிக்கு வேலைக்குப் போய்விட்டாள். என்னைப் பெட்டிக்குள் போட்டு ஆணி அடித்துவிட்டீர்கள்.

செத்த மையித்துக்குக்கூட முகத்தை மூடும் முன்னே சொந்தக்காரரிடம் கேட்பார்கள். உயிரோடு இருக்கிறவளிடம் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லையா?

காலை முழுக்க அப்படியே இருந்தேன். மத்தியானம் லுஹர் தொழுது முடிந்ததும் என்னால் முடியவில்லை. மேரிசெல்வியைக் கூப்பிட்டேன். அவள் வீட்டுக்காரரின் சுத்தியலோடு வந்தாள். "அக்கா, உங்கட மார்க்கத்தில இப்பிடி அடைச்சு வைக்கவேணும் எண்டு இருக்கோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப இது ஆரிட மார்க்கம்?" என்றாள். அதை உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

நாங்கள் இரண்டு பேரும் உள்ளிருந்து அடித்துத் தள்ளினோம். பலகை கீழே போய் விழுந்தது. நிழலுக்குப் படுத்திருந்த கழுதை ஒன்று கத்திக்கொண்டு ஓடினது. மனிசருக்கு வராத பயம் அதற்காவது வந்ததே என்று மேரிசெல்வி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கழுதை படுத்திருந்த இடம் எது என்று பார்த்தேன்.

நான் இத்தா இருப்பது உங்கள் நானாவுக்காக. உங்கள் சாரத்துக்காக இல்லை. என் யன்னலை மூடினது என்னை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்றா, நான் அண்ணாந்து பார்த்து அந்தக் கறள்பிடித்த கம்பியைக் காணக் கூடாது என்றா? உண்மையைச் சொல்லுங்கள்.

வேறு கந்தோர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கந்தோருக்கு உங்கள் நானா உயிரோடு இருக்கும்போதே போனார். தட்டில் வெடிப்பு இருக்கிறது என்று சொன்னார். "இது எங்கட வேலை இல்ல, திட்டம் ஒண்டு வருகுது, அவையிட்டச் சொல்லுங்கோ" என்று அனுப்பினார்கள். அவர் வந்து, "பொறு ஸுஹறா, தம்பிட ஆக்கள்தான் செய்யப் போறாங்களாம். அவன் வந்தால் எல்லாம் பாத்துச் செய்வான்" என்றார். அந்த நம்பிக்கையோடுதான் அதற்குக் கீழே நின்றார்.

ஸுஹறா

•

10.06.2025

மதினிக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வேலைப் பிள்ளைகளோடு புத்தளம் போய் வந்ததால் தாமதம்.

பிளைவூட் விடயத்தில் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். அது பிழைதான். நானா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

இஞ்சினியரிடம் திரும்பவும் கேட்டேன். "ஷிராஸ், ஒரு தட்டு விழுந்ததுக்கு எல்லாத் தட்டையும் உடைக்கிறதோ? தட்டில்லாமல் வெயில் நேரா உள்ளுக்கு அடிச்சால் எங்கட கணக்கெல்லாம் பிழைக்கும்" என்றார். வெளிநாட்டில் இருந்து பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் சுவர் வெள்ளையாக நிற்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை மேல் மாடியில் இருந்து பலகை ஒட்டத் தொடங்குகிறோம். மேலிருந்து கீழேதான் இறங்கி வர வேண்டும், அதுதான் முறை.

எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் மதினி. என்னை நம்பி வந்த ஆட்களும் இருக்கிறார்கள். நானாவின் மவுத்து அல்லாஹ்வின் நாட்டம். பொறுமையாக இருப்பவர்களுக்குக் கூலி உண்டு.

ஷிராஸ்

•

12.06.2025

ஷிராஸ்,

தம்பி என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

மவுத்து அல்லாஹ்வின் நாட்டம். ஓம். அதை எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு அதைச் சொல்லித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் கம்பி இற்றுப்போனது யாரின் நாட்டம்? கடல்மண்ணைக் கழுவாமல் குழைத்தது யாரின் நாட்டம்? இப்போது வெள்ளை அடித்து அதை மூடப்போவது யாரின் நாட்டம்? மனிசர் செய்கிறதை எல்லாம் அல்லாஹ்வின் தலையில் கட்டாதீர்கள். அவனுக்கு அது பிடிக்காது.

பொறுமைக்குக் கூலி உண்டு என்று பொம்பிளைகளுக்குத்தான் எல்லாரும் சொல்கிறீர்கள். அந்த இஞ்சினியருக்குக் கொஞ்சம் சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரரைப் பொறுத்திருக்கச் சொல்லட்டும்.

மேரிசெல்வியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சுவருக்குக் கீழேதான் பந்தடிக்கிறார்கள். நான் மேலிருந்து "அங்கால போங்கோ, அங்கால போங்கோ" என்று கத்துகிறேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து, ஆட்டோ மாமாவின் பொஞ்சாதிக்குத் தலை சரியில்லை என்கிறார்கள். இப்போதாவது கறளையும் வெடிப்பையும் காட்டி விளங்கப்படுத்தலாம். நீங்கள் வெள்ளை அடித்த பிறகு எதைக் காட்டுவேன்?

நான் கீழே வர முடியாது. கந்தோருக்குப் போக முடியாது. அது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. சரி. நான் வரவில்லை. திங்கட்கிழமை காலை யன்னல் சீலையை அவிழ்த்துவிட்டு, வெள்ளை உடுத்து, முகத்தை மூடி, ஓதுகிறதற்கு யாஸீனை வைத்துக்கொண்டு என் யன்னலடியில் கதிரை போட்டு இருக்கப் போகிறேன். அது என் வீடு. என் யன்னல். ஏணி எனக்கு முன்னால் போவது உங்கள் ஏற்பாடு, என் ஏற்பாடு இல்லை.

ஸுஹறா

•

19.06.2025

மதினிக்கு,

நீங்கள் செய்வது உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா?

திங்கட்கிழமை முதல் ஏறின பிள்ளை உங்களைக் கண்டதும் பாதி ஏணியில் திரும்பி, பின்னால் வந்தவனின் தலையில் மிதித்துவிட்டான். "இத்தாவில இருக்கிறவங்கட முன்னால நான் போக மாட்டன் நானா, எங்கட உம்மா அறிஞ்சால் சோறு தரமாட்டா" என்றான். மற்றவன், "கண்ணை மூடிட்டு ஏறு" என்றான். "நீ ஏறு, விழுந்தால் நான் உண்ட உம்மாக்குச் சொல்றன்" என்று இவன். அதோடு எல்லாரும் இறங்கி, கொட்டிலுக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, எங்கள் ஆட்கள்தான் அப்படி என்று உயிலங்குளத்து மேசன் இரத்தினம் அண்ணனை ஏறச் சொன்னேன். மலைநாட்டில் இருந்து வந்து குடியேறிய சனம், அவருக்கு என்ன என்று நினைத்தேன். அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறார்: "நான் உங்க ஆள் இல்ல தம்பி. ஆனா புருசன் செத்த இடத்தப் பாத்துக்கிட்டு ஒரு பொம்பள ஒக்காந்திருக்கு. அது மூஞ்சிக்கு முன்னால ஏறி அந்த இடத்த நான் மூடணுமா? எனக்கு ஏலாது. நீ வேணும்னா ஏறு."

நான் ஏறவில்லை. ஏற முடியவில்லை.

ஏணியை வேறு பக்கம் மாற்றலாம் என்றால் மறுபக்கம் மதிலும் மின்கம்பியும். சாரம் முழுவதையும் கழற்றித் திருப்பிக் கட்ட வேண்டும். பள்ளிவாசலில் என்னைக் கண்டு ஒருவர் கேட்கிறார்: "உங்கட மதினி யன்னலில இருக்கிறாவாமே, நீங்க ஒண்டும் சொல்றதில்லையா?" எனக்கு முகம் காட்ட முடியவில்லை. நானா இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாரா?

ஷிராஸ்

•

21.06.2025

தம்பி ஷிராஸுக்கு,

நானா இருந்திருந்தால் நான் யன்னலடியில் இருக்கத் தேவை வந்திருக்காது. அவரைக் கொண்டு என்னை வெருட்ட வேண்டாம்.

பள்ளிவாசலில் கேட்டவரிடம் சொல்லுங்கள், பார்வையைத் தாழ்த்தச் சொன்னது முதலில் ஆம்பிளைகளுக்குத்தான். நான் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு என் வீட்டுக்குள் ஓதிக்கொண்டிருக்கிறேன். அவர் ஏன் அண்ணாந்தார்? அண்ணாந்தது அண்ணாந்தார், தலைக்கு மேலே தொங்குகிற கொங்கிரீட்டையும் ஒரு தரம் பார்த்திருக்கலாமே.

நேற்று உங்கள் இஞ்சினியரே ஏணியில் ஏறி வந்தார். பாவம், சப்பாத்து வழுக்குகிறது. யன்னலுக்கு நேரே வந்து நின்று, "அம்மா வணக்கம். கொஞ்ச நேரம் உள்ளுக்குப் போய் இருக்கிறீங்களோ?" என்றார்.

"நான் உள்ளுக்குத்தானே இருக்கிறன் மகன். நீங்கள்தான் வெளியில நிக்கிறீங்கள்" என்றேன்.

"நாங்கள் உங்கட வீட்டைக் குளிராக்கத்தான் வந்தனாங்கள்."

"இந்த வீட்டில ஒருத்தர் ஏற்கனவே குளிர்ந்து போயிட்டார். மிச்சப் பேரை உயிரோட வையுங்கோ. வேர்த்தாலும் பரவாயில்ல."

அவர் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு, "அது விபத்து அம்மா" என்றார். அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே, மேல் மாடியில்தான் அந்த உடைந்த முனை. "அப்பிடியெண்டால் பயமில்லாமல் அதிலயே கொஞ்ச நேரம் நில்லுங்கோ" என்றேன். ஒரு தரம் மேலே பார்த்தார். உடனே இறங்கிவிட்டார். பார்த்தீர்களா, அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் உங்களுக்குப் பலகை வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மற்றவர்களை விடுங்கள். நீங்கள் ஒரு தரம் மேலே வந்து ஏதாவது ஒரு தட்டில் கையால் தட்டிப் பாருங்கள். நீங்கள் வருவதென்றால் அந்த நேரம் நான் உள்ளே போய்விடுவேன். அது நல்ல தட்டு என்று கண்டால் எனக்கு எழுதுங்கள். நான் சீலையைக் கட்டிவிட்டு வாயை மூடுகிறேன்.

ஸுஹறா

•

24.07.2025

மதினிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. நீங்கள் கேட்டது லேசான காரியம். அதனால்தான் செய்யப் பயமாக இருந்தது.

நேற்றுப் பின்னேரம் அஸருக்குப் பிறகு, நீங்கள் உள்ளே போனதும் இரத்தினம் அண்ணனோடு ஏறினேன். உங்கள் யன்னலுக்கு மேலே இருக்கும் தட்டைத்தான் முதலில் பார்த்தேன். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுத்தியலால் அடிக்கக்கூட இல்லை. கையால் விளிம்பைப் பிடித்து எழும்பப் பார்த்தேன். என் உள்ளங்கை அளவு கட்டி அப்படியே கையோடு வந்தது. உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மண் மாதிரி ஒன்று இருந்தது. ஊதினேன். பறந்தது.

இரத்தினம் அண்ணன் என் பின்பக்கச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் விழுந்துவிடுவேன் என்று.

நீங்கள் முன்பு கேட்டீர்கள், யாருக்காக யன்னலை மூடினேன் என்று. நீங்கள் மேலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற நினைப்பில் எனக்கு அந்தச் சுவருக்குக் கீழே நடக்க முடியவில்லை. அதுதான்.

அந்தக் கட்டியை எங்கள் திட்டக் கந்தோரில் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். இஞ்சினியர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேலிடத்தோடு கதைத்தார்கள். பதில் வந்துவிட்டது. அந்த அம்மாவின் இத்தா ஆகஸ்ட் நடுவில் முடிகிறதுதானே, அதுவரை பொறுத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள் என்கிறார்கள். வெளிநாட்டு ஆட்களின் வருகையையும் அதற்குத் தக்கதாகப் பின்போட்டிருக்கிறார்கள். தட்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஷிராஸ்

•

26.07.2025

தம்பி ஷிராஸுக்கு,

உங்கள் கடிதத்தை நுஸ்ரியா வாசித்துக் காட்டினாள். ஊதினேன், பறந்தது என்ற இடம் வந்ததும் அவளால் வாசிக்க முடியவில்லை. மிச்சத்தை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

காத்திருக்கிறார்களா? நல்லது, காத்திருக்கட்டும். ஒரு உயிர் போனதற்கு நிற்காத வேலை, ஒரு பொம்பிளை யன்னலில் இருந்ததால் நின்றது. என்ன மனிசர்கள்! இத்தா முடிந்தால் இவள் அடங்கிவிடுவாள் என்று எந்தப் படித்த மூளை கணக்குப் போட்டது? இத்தா இருக்கிற வரைக்கும்தான் நான் யன்னலோடு நிற்பேன். முடிந்தால் படி இறங்கி வருவேன். அந்தச் சுவருக்குக் கீழே, உங்கள் நானா நின்ற இடத்தில் பாயைப் போட்டு இருப்பேன். மேரிசெல்வியும் வருகிறாளாம். "அக்கா, நான் செபமாலையோட வாறன். ஒரு பக்கம் நீங்கள் ஓதுங்கோ, மற்றப் பக்கம் நான் சொல்றன். வெளிநாட்டுக்காரர் ரெண்டையும் கேட்டுட்டுப் போகட்டும்" என்கிறாள்.

அன்றைக்கு எங்கள் தலைக்கு மேலே ஆணி அடிக்கிறவர் யார் என்று பார்ப்போம். அது நீங்களாக இருந்தால் எனக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். புத்தளத்தில் இருக்கும் உங்கள் உம்மாவுக்கு நான் என்ன சொல்வதென்று யோசிக்க வேண்டும். ஒரு மகனை ஏற்கனவே கொடுத்தவ அவ.

ஸுஹறா

•

31.07.2025

மதினி,

நீங்கள் கீழே வரத் தேவையில்லை.

நாளை ஜும்ஆ முடிந்ததும் வேலைப் பிள்ளைகளோடு ஏறுகிறேன். பலகையோடு அல்ல, சுத்தியலோடு. பொறுப்பு என்னுடையது என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. இரத்தினம் அண்ணன் இரும்பு வெட்டுகிற கட்டரைத் தானே கொண்டுவருகிறாராம். சாரத்தில் கீழ்ப் பலகைகளைக் கழற்றிவிட்டு மேலிருந்து ஒவ்வொன்றாக விழுத்துவோம். கந்தோருக்குத் தெரியாது. தெரியவரும்போது வேலை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு என்னை இங்கே வைத்திருக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும்.

நாளைக்கு மட்டும் யன்னலை மூடி உள்ளுக்கு இருங்கள். சில்லு தெறிக்கும். மேரிசெல்வி அக்காவிடம் கீழே ஒருவரையும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஷிராஸ்

•

02.08.2025

தம்பி ஷிராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நீங்கள் சொன்ன மாதிரி யன்னலை மூடிவிட்டு, அறைக்கு நடுவில் இருந்தேன். நுஸ்ரியாவும் வேலைக்குப் போகாமல் என் பக்கத்தில் இருந்தாள். மேரிசெல்வி கீழே மீன்வலைக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு நின்று கத்துகிறாள். "அங்கால போங்கோ! டேய், பந்தை விட்டுட்டு வா, பந்து சாகாது!" பிள்ளைகள் அவளுக்குப் பயந்து ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தக் குரல் வாய்க்கவில்லை.

முதல் தட்டு விழுந்தபோது நுஸ்ரியா என் கையைப் பிடித்தாள். அதே சத்தம்தான். இந்த முறை சீமெந்து மூட்டை என்று நான் நினைக்கவில்லை. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. ஒவ்வொன்று விழும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே யாராவது அலறுகிறார்களா என்று கேட்டேன். ஒருவரும் அலறவில்லை. என் தலைக்கு மேலே நீங்கள் பிள்ளைகளிடம் "பாத்து, பாத்து" என்று சொன்னது கேட்டது. குரல் அப்படியே உங்கள் நானாவின் குரல்.

மஃரிபுக்கு முன்னே எல்லாம் ஓய்ந்துவிட்டது. மேரிசெல்வி தூசியோடு மேலே வந்து, "அக்கா, சுவர் மொட்டையடிச்ச மாதிரி நிக்குது. இனி வெயில் நேரா அடுப்படிக்கு வரும்" என்றாள். வரட்டும். வெயிலுக்கு ஒரு சாக்கைத் தொங்கவிடலாம்.

இன்றைக்குக் காலை உங்களைக் கந்தோருக்கு வரச் சொன்னார்களாம், கேள்விப்பட்டேன். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் பேனையை எடுத்தேன். துஆவில் சொல்லிவிட்டேன், கடிதத்தில் வரவில்லை. கோபம்தான் வருகிறது. உங்கள் மேல் மட்டும் இல்லை. உங்கள் நானா வெடிப்பைக் காட்டி ஏறி இறங்கின கந்தோர், திட்டம் வரும் வரை பொறு என்றவர்கள், ஒதுக்கீடு இல்லை என்றவர்கள், கணக்குப் பிழைக்கும் என்றவர்கள், எல்லார் மேலும். ஏதோ மலையைப் புரட்டுகிற காரியம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரும் தலையை ஆட்டின விதத்தைப் பார்த்து, இது யாராலும் முடியாத ஒன்று போல என்று நினைத்தேன்.

நீங்கள் ஜும்ஆவுக்குப் பிறகு தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட்டீர்கள்.

ஒரு பின்னேரத்து வேலை தம்பி. ஒரு பின்னேரத்து வேலை.

ஸுஹறா